ஒற்றைச் சர்வரில் ஒரு கொத்து: பள்ளிக்கூடமா, பத்தாயமா?

காவிரி டெல்டாவின் பழைய மிராசு வீடுகளில் ரேழியைக் கடந்து உள்ளே சென்றால் ஆளுயர மரப் பத்தாயம் ஒன்று நிற்பதைக் காணலாம். வசதியான வீடாயின் இரண்டு நிற்கும். ஒரு சிறு கேள்வியைக் கேட்டுக் கொள்ளுங்கள். விதைநெல் முழுவதையும் ஒரே பத்தாயத்தில் கொட்டி வைப்பதைவிட, இரண்டில் பிரித்துக் கொட்டி வைப்பது பாதுகாப்பானதா?

'ஆம்' என்பது பாதி விடைதான். ஒரு பத்தாயத்தில் எலி புகுந்தால் மற்றது தப்பும். ஒன்றில் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்தாலும் மற்றது தப்பும். ஆனால் வாய்க்கால் உடைத்துக் கொண்டு வெள்ளம் வீட்டுக்குள் வந்தால்? எலிக்குத் தப்பிய இரண்டு பத்தாயங்களும் வெள்ளத்தில் ஒன்றாகவே நனையும். எலிக்கும் வெள்ளத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொண்டால், இக்கட்டுரை விமரிசிக்கப் போகும் கணிப்பொறி ஏற்பாட்டின் நிறையும் குறையும் எளிதில் விளங்கிவிடும்.

லினக்ஸ் பயிலும் மாணவர்களிடையே அண்மை ஆண்டுகளில் பரவியிருக்கும் அந்த ஏற்பாட்டுக்கு 'ஒற்றைச் சர்வர் கிளஸ்டர்' என்று பெயர். கிளஸ்டர் என்றால் கொத்து. பல கணிப்பொறிகளை வலைப்பின்னலால் இணைத்து, ஒரே பெரும் பொறியைப் போல வேலை வாங்குவதே கொத்து. அப்படியிருக்க, ஒரே ஒரு கணிப்பொறியில் கொத்து எப்படி அமையும்? ஒற்றை மாட்டை வைத்துக் கொண்டு உழவு ஜோடி என்று சொல்வதைப் போல இருக்கிறதல்லவா? (சர்வர் என்றவுடன் காப்பி ஓட்டலில் தட்டுடன் வருபவர் நினைவுக்கு வந்தாலும் தவறில்லை. கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டு வந்து வைப்பதே கணிப்பொறிச் சர்வரின் தொழிலும். நமது ஒற்றைச் சர்வரோ சமையல், பரிமாறல், கல்லாப்பெட்டி மூன்றையும் ஒரே ஆள் கவனிக்கும் ஓட்டல்.)

கொத்து என்ற கருத்து எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் காண்போம். 1994-இல் அமெரிக்க நாசாவின் காடர்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் என்ற இருவர், கடையில் கிடைக்கும் 486 வகைக் கணிப்பொறிகள் பதினாறைச் சாதாரண ஈதர்நெட் கம்பியால் இணைத்து, லினக்ஸை ஏற்றி, 'பேவுல்ஃப்' என்று பெயரிட்டனர். கோடிக்கணக்கில் விலை சொல்லும் மீக்கணிப்பொறியின் வேலையில் ஒரு பங்கை மலிவான பொறிகளின் கூட்டத்தால் செய்ய முடியும் என்பதை அது காட்டிற்று. தமிழ்நாட்டில் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-இல் 144 பொறிகளை இணைத்து 'கப்ரு' என்ற லினக்ஸ் கொத்தை அமைத்தது. ஒவ்வொரு பொறியிலும் இரண்டு சீயான் செயலிகள். நொடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்குகள், அதாவது ஒரு டெராஃப்ளாப், என்ற எல்லையை அது எட்டியது.

நம் பகுதிக்கே வருவோம். தஞ்சாவூரிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில், துவாக்குடியை ஒட்டித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைக் கடந்து செல்கிறீர்கள். அதனுள் 2022 மே 25 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 'பரம் பொருள்' என்னும் மீக்கணிப்பொறி இருக்கிறது. தேசிய மீக்கணிப்பொறித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ரூ. 19 கோடிச் செலவில், சி-டாக் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப். இதுவும் உண்மையில் ஒரே பொறியன்று. லினக்ஸில் இயங்கும் பல பொறிகளை இன்ஃபினிபேண்டு எனும் அதிவேக இணைப்பால் பிணைத்த கொத்துதான். சூட்டைத் தணிக்கக் காற்றை மட்டும் நம்பாமல் திரவத்தை நேரே செயலிகளின் மீது படிந்த தகடுகளுக்குள் ஓட விட்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் வேகத்துக்காக அமைந்த கொத்துகள். கொத்துக்கு இன்னொரு நோக்கமும் உண்டு: ஒரு பொறி படுத்துவிட்டால் வேலை நிற்காமல் மற்றொன்று ஏற்றுக் கொள்வது. வங்கி, ரயில் முன்பதிவு போன்றவற்றுக்கு வேண்டியது இதுவே. வேகம், விழாமை என்ற இவ்விரண்டு பயன்களில் ஒன்றைக்கூட ஒற்றைச் சர்வர் கொத்தினால் தர முடியாது. இதை முதலிலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். அப்படியானால் இதை ஏன் நிறுவுகிறார்கள்? ஏன் நீங்களும் ஒருமுறை நிறுவிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லப் போகிறேன்?

குபர்னெட்டீஸ் என்று ஒரு மென்பொருள். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். கூகுள் நிறுவனம் 2014-இல் இதை வெளியிட்டது. ஆங்கில எழுத்துக்களில் முதலுக்கும் கடைசிக்கும் இடையே எட்டு எழுத்துக்கள் இருப்பதால் சுருக்கமாகக் 'கே8எஸ்' என்பார்கள். பல பொறிகளில் எந்தச் செயலியை எங்கே ஓட்டுவது, எத்தனை பிரதிகள் ஓட்டுவது, ஒன்று விழுந்தால் என்ன செய்வது என்பவற்றை இது கவனிக்கிறது. இது பெரிய நிறுவனங்களுக்கென்று பிறந்த கனமான அமைப்பு. அதன் சுமையைக் குறைத்து, சிறிய பொறிகளிலும் ஓடும்படி ரான்சர் லேப்ஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்டதே 'கே3எஸ்'. பாதி அளவுள்ளது என்பதைக் குறிக்கப் பத்து எழுத்துச் சொல்லின் பாதியாக ஐந்து எழுத்தைக் கற்பனை செய்து, நடுவில் மூன்று என்று பெயர் வைத்தார்கள். ஒற்றைச் சர்வர் கொத்தை நிறுவ மாணவர்கள் இன்று நாடும் எளிய வழிகளில் இது ஒன்று. ஆகவே நமது விமரிசனத்துக்கு இதையே எடுத்துக் கொள்வோம்.

நிறுவும் முறை வெகு சுருக்கம். டெபியன் அல்லது உபுண்டு ஏறிய ஒரு கணிப்பொறி. இரண்டு உட்கருக்களுள்ள செயலி. குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம். பொறிக்கு நிலையான ஒரு வலை முகவரியும் தனிப் பெயரும் கொடுத்துவிட வேண்டும். இடையில் முகவரி மாறினால் பின்னர் தொல்லை. அதன்பின் கே3எஸ் கையேட்டிலுள்ள ஒரே ஒரு வரிக் கட்டளை. 100 மெகாபைட்டுக்கும் குறைவான ஒரே கோப்பு இறங்கி வந்து, சிஸ்டம்டி என்னும் லினக்ஸின் காரியதரிசியிடம் தன்னைப் பதிவு செய்து கொண்டு ஓடத் தொடங்கிவிடும். ஓரிரு நிமிடங்களில் கொத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டால் ஒரே ஒரு பெயர் வரும். பக்கத்தில் 'தயார்' என்றிருக்கும்.

அந்த ஒரு கோப்புக்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வரும் கோரிக்கைகளை வாங்கும் வாயிற்காப்பவர், வேலையை எந்தப் பொறிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் பங்கீட்டாளர், நிலைமையை ஓயாமல் கண்காணிக்கும் கட்டுப்பாட்டாளர், சொன்னதை அந்தந்தப் பொறியில் நிறைவேற்றும் குபிலெட் என்னும் ஏவலர், எல்லாவற்றையும் எழுதி வைக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம். உண்மையான பெருங்கொத்தில் இவர்கள் வெவ்வேறு பொறிகளில் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஒரே திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பேசும் பேச்சு அதே பேச்சுத்தான்.

இவர்கள் ஓட்டும் மிகச் சிறிய அலகுக்கு ஆங்கிலத்தில் 'பாட்' என்று பெயர். நெற்று என்று பொருள். சம்பா அறுவடைக்குமுன் வயலில் உளுந்தும் பயறும் தெளித்து, அறுவடைக்குப்பின் நெற்றுப் பறிக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நெற்றுக்குள் பயறு இருப்பதுபோல், பாட் ஒன்றினுள் ஒன்றோ சிலவோ கொள்கலன்கள் இருக்கும். கொள்கலனுக்குள் உங்கள் நிரல் இருக்கும்.

இப்போது ஒரு சோதனை. ஒரு சிறிய வலைத்தள நிரலை எடுத்து, 'இதில் மூன்று பிரதிகள் எப்போதும் ஓட வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். மூன்று நெற்றுகள் தோன்றும். அவற்றில் ஒன்றை நீங்களே அழித்துவிடுங்கள். சில நொடிகளில் புதிய நெற்று ஒன்று முளைத்து, எண்ணிக்கை மீண்டும் மூன்றாகும். நீங்கள் அதற்குக் 'கிளம்பு' என்று கட்டளையிடவில்லை. எத்தனை இருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னீர்கள். குபர்னெட்டீஸின் உயிர்நாடியான தத்துவம் இதுதான். கல்லணையில் நீர்வளத் துறை லஸ்கரிடம், வெண்ணாற்றில் இவ்வளவு கன அடி போக வேண்டும் என்று சொல்லப்படுகிறது. மதகை எத்தனை அங்குலம் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவர் அளவுகோலைப் பார்க்கிறார். குறைந்தால் தூக்குகிறார், மிகுந்தால் இறக்குகிறார், மறுபடியும் அளவுகோலைப் பார்க்கிறார். இருக்க வேண்டிய நிலை, இருக்கும் நிலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதைக் குறைக்கும் செயல் என்ற இந்தச் சுழற்சியைப் பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட, ஒரு நெற்றை அழித்துவிட்டு அரை நிமிடம் திரையைப் பார்த்துக் கொண்டிருப்பதனால் தெளிவாக அறியலாம்.

பள்ளிக்கூடம் என்ற அளவில் ஒற்றைச் சர்வர் கொத்தை நான் தயங்காமல் பாராட்டுகிறேன். தஞ்சையிலோ மன்னார்குடியிலோ ஒரு மாணவரிடம் ஒரு பழைய கணிப்பொறி மட்டுமே இருக்கலாம். பெருநகர நிறுவனங்கள் ஆயிரம் பொறிகளில் பயன்படுத்தும் அதே கட்டளைகளை, அதே கோப்பு வடிவங்களை, அவர் வீட்டிலிருந்தே பழகலாம். செலவு மின்சாரம் மட்டுமே.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

முதற்குறை, அந்தப் புகழ்பெற்ற ஒற்றை வரி. வலையிலிருந்து ஒரு நிரலை இறக்கி, படித்துப் பார்க்காமலேயே, பொறியின் முழு அதிகாரமும் கொடுத்து ஓட விடுவது அது. தெருவில் வந்த ஒருவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்து, ஒட்டடை அடித்துவிட்டுப் போகச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வந்தவர் நல்லவராகவே இருக்கலாம். கே3எஸ்ஸைப் பொறுத்தவரை நல்லவர்தான். ஆனால் மாணவருக்கு இது ஏற்படுத்தும் பழக்கம் நல்லதன்று. அந்த நிரலை ஒரு கோப்பாக இறக்கி, ஒருமுறை படித்துவிட்டு ஓட்டுவதற்குக் கால் மணி நேரம் கூட ஆகாது. படித்தால் லினக்ஸ் நிறுவல் நிரல் எழுதும் முறையும் கூடவே தெரிந்துவிடும்.

இதனோடு சேர்ந்த இன்னொன்று. கொத்தின் முழு அதிகாரச் சான்று ஒரு கோப்பில் எழுதப்படுகிறது; இயல்பாக அதை முதன்மைப் பயனர் மட்டுமே படிக்க முடியும். ஒவ்வொரு முறையும் அதிகாரம் கேட்பது எரிச்சலாக இருப்பதால், அக்கோப்பை எல்லாரும் படிக்கும்படி திறந்துவிடச் சொல்லும் வழிகாட்டிகள் பல உலவுகின்றன. வீட்டில் தனியாகப் பயிலும்போது இதனால் கேடில்லை. முப்பது மாணவர்கள் நுழையும் கல்லூரிச் சர்வரில் இதைச் செய்தால் முப்பது பேரும் தலைவர்களே.

இரண்டாவது குறையே பெரியது. 'மூன்று பிரதிகள்' என்று திரையில் தெரிவது ஒருவகை மயக்கத்தை உண்டாக்குகிறது. மூன்றும் ஒரே செயலியில், ஒரே நினைவகத்தில், ஒரே மின்கம்பியில் தொங்குகின்றன. நிரல் ஒன்று தன் பிழையால் விழுந்தால் மற்றவை காப்பாற்றும், அது எலி. மின்வழங்கி எரிந்தாலோ வட்டு பழுதானாலோ மூன்றும் போகும், அது வெள்ளம். தரவுக்கும் இதே கதைதான். நெற்றுக்கு நிரந்தரச் சேமிப்பிடம் வேண்டும் என்று கேட்டால், கே3எஸ் தன்னுடன் வரும் எளிய ஏற்பாட்டின்படி அதே பொறியின் வட்டில் ஓர் அடைவை ஒதுக்கித் தரும். பெயரில் மட்டுமே 'நிரந்தரம்' இருக்கிறது.

உண்மையான கொத்தில் ஒரு பொறி பேச்சை நிறுத்தினால், குபர்னெட்டீஸ் இயல்பாக ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதிலிருந்த நெற்றுகளுக்குப் பதிலாக வேறு பொறியில் புதியவற்றை எழுப்புகிறது. ஒற்றைச் சர்வரில் பொறுத்துப் பார்ப்பதற்கும் ஆளில்லை, எழுப்புவதற்கும் இடமில்லை. மின்சாரம் திரும்பியதும் எல்லாம் தானாக எழுந்து ஓடுவதைக் கண்டு, 'பார்த்தீர்களா, கொத்து மீட்டுவிட்டது' என்று மகிழ்பவர்கள் உண்டு. மீட்டது கொத்தன்று. சிஸ்டம்டியிடம் பதிவு செய்த எந்தச் சாதாரண நிரலும் அப்படித்தான் எழுந்து ஓடும்.

ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தை எண்ணிக் கொள்ளுங்கள். கொள்முதலுக்கு வந்த நெல்லின் எடை, ஈரப்பதம், விவசாயியின் கணக்கு எண் ஆகியவற்றைப் பதியச் சிறு மென்பொருள் ஒன்று தேவைப்படுகிறது. ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் கே3எஸ்ஸில் அதை நிறுவி, மூன்று பிரதிகள் ஓடுவதைக் காட்டி, 'இனி விழவே விழாது' என்கிறார். செயலாளரும் கைப்பேரேட்டை மூடிவிடுகிறார். ஒரு நாள் வட்டு கெடுகிறது. அந்த வாரம் நெல் போட்டவர் எவ்வளவு போட்டார் என்பதற்கு அவர் கையிலுள்ள சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. சீட்டு நனைந்து போயிருந்தால் அதுவும் இல்லை. இதற்குக் கே3எஸ்ஸைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதன் கையேடு ஒற்றைச் சர்வர் அமைப்பையும் உயர் கிடைப்பு அமைப்பையும் தனித்தனிப் படங்களாகவே போட்டுக் காட்டியிருக்கிறது. அதைப் படித்துச் சுருக்கி எழுதும் இரண்டாம் கை வழிகாட்டிகள்தான், நிறுவும் வரியை வைத்துக் கொண்டு எச்சரிக்கையை விட்டுவிடுகின்றன. அந்தச் சங்கத்துக்கு என் பரிந்துரை கேட்டால், கொத்தே வேண்டாம் என்பேன். சாதாரண லினக்ஸ் சேவை ஒன்று, தினமும் வெளியே போகும் ஒரு பிரதி, கைப்பேரேடு. பாகங்கள் குறைந்தால் பழுதும் குறையும்.

பெயர் வைப்பதில் நேர்மை காட்டிய மென்பொருள்களும் உள்ளன. பெருந்தரவுக்கான ஹடூப்பை ஒரே பொறியில் ஓட்டும் முறைக்கு அதை ஆக்கியவர்களே 'போலிப் பரவல் முறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் மூன்று பிரதிகள் என்ற வழக்கமான எண்ணை, ஒரே பொறியில் ஒன்றாகக் குறைத்துவிடச் சொல்கிறது அதன் கையேடு. இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டுவதில்லை. தேடுபொறியான எலாஸ்டிக்சர்ச்சோ இன்னும் ஒரு படி மேல். தரவின் மூலமும் பிரதியும் ஒரே பொறியில் இருக்க அது சம்மதிப்பதே இல்லை. ஒற்றைப் பொறியில் பிரதி கேட்டால், பச்சை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அப்படியே காத்திருக்கும். நிறைய மாணவர்கள் இந்த மஞ்சளைப் பழுது என்றெண்ணி, அதை அணைக்கும் வழியைத் தேடுகிறார்கள். உண்மையில் அந்த மஞ்சள், 'உன் இரண்டு பத்தாயமும் ஒரே வீட்டில்தான் இருக்கும்' என்று சொல்கிறது. கே3எஸ்ஸின் 'தயார்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலும் இப்படியொரு மஞ்சள் இருந்திருக்கலாம்.

வேகத்துக்காகக் கொத்தைப் பயில விரும்புவோருக்குக் குபர்னெட்டீஸைவிட ஸ்லர்ம் பொருத்தமானது. இது லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிறந்த வேலைப் பங்கீட்டு மென்பொருள். உலகின் பெரிய மீக்கணிப்பொறிகள் பலவற்றில் இதுவே முறை வைக்கிறது. முறை என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். தண்ணீர் குறைந்த ஆண்டில் வாய்க்கால்களுக்கு நாள் கணக்கில் முறை வைத்து விடுவதைப் போல, பல ஆராய்ச்சியாளர்களின் கணக்குகளை வரிசையில் நிறுத்தி, இவருக்கு இத்தனை உட்கரு, இத்தனை மணி நேரம் என்று விட்டுக் கொடுப்பதே இதன் வேலை. கட்டுப்பாட்டு நிரலையும் ஏவல் நிரலையும் ஒரே பொறியில் ஓட்டி, அமைப்புக் கோப்பில் அந்தப் பொறியின் பெயரையும் உட்கருக்களின் எண்ணிக்கையையும் சரியாக எழுதிவிட்டால் ஒற்றைச் சர்வர் ஸ்லர்ம் தயார். நான்கு உட்கருக்கள் உள்ள பொறியில் ஆறு வேலைகளைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு ஓடும், இரண்டு காத்திருக்கும். துவாக்குடியில் காத்திருக்கும் ஆராய்ச்சியாளரின் பொறுமையில் ஒரு துளியை நீங்களும் சுவைக்கலாம்.

ஆயினும் இங்கும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. ஒரு கணக்கைப் பல துண்டுகளாக்கி ஓட்டும்போது, துண்டுகள் தம்முள் செய்தி பரிமாறிக் கொண்டே இருக்க வேண்டும். ஒற்றைப் பொறியில் அச்செய்தி நினைவகத்தின் வழியே கணநேரத்தில் போய்விடும். பல பொறிகளில் அது கம்பி வழியே போக வேண்டும். எவ்வளவு நல்ல கம்பியானாலும் நினைவகத்தைவிட மெதுவே. வீட்டில் நான்கு உட்கருக்களில் ஏறக்குறைய நான்கு மடங்கு விரைந்து ஓடிய உங்கள் நிரல், நான்கு தனிப் பொறிகளில் இரண்டு மடங்குகூட எட்டாமல் போகலாம். பரம் பொருளில் இன்ஃபினிபேண்டு இணைப்புக்குப் பெரும் செலவு செய்ய நேர்ந்ததன் காரணம் இந்தத் தாமதமே. ஒற்றைச் சர்வர் கொத்து கற்பிக்க முடியாத பாடங்களில் இது தலையாயது. முடிந்தால் பழைய பொறி இன்னொன்றைத் தேடிப் பிடித்து, ஒரு கம்பியால் இணைத்து, அதே நிரலை ஓட்டி நேரத்தைக் குறித்துப் பாருங்கள்.

இரண்டாவது பொறி வந்துவிட்டால் விழாமையும் வந்துவிடுமா? இங்கே கணிதம் குறுக்கிடுகிறது. குபர்னெட்டீஸின் நினைவாகப் பெரும்பாலும் அமையும் 'எட்சிடி' என்ற தரவுத்தளம் பெரும்பான்மை வாக்கில் நடப்பது. உறுப்பினர் ஒருவரானால் பெரும்பான்மை ஒன்று. இருவரானால் பெரும்பான்மை இரண்டு. ஆகவே இருவரில் எவர் போனாலும் பஞ்சாயத்து கூடாது. தனியாளாக இருந்ததைவிட நிலைமை மோசம், ஏனெனில் இப்போது படுக்கக்கூடிய பொறிகள் இரண்டு. மூவரானால் ஒருவர் போகலாம். ஐவரானால் இருவர் போகலாம். ஒற்றைச் சர்வரில் எஸ்க்யூலைட்டுடன் தொடங்கிய கே3எஸ்ஸைப் பின்னர் எட்சிடிக்கு மாற்ற வழி வைத்திருக்கிறார்கள். ஆகவே இன்று ஒன்றில் கற்று நாளை மூன்றுக்குப் போகலாம். இதை அதன் நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

ஆனால் அந்த மூன்று பொறிகளையும் ஒரே அறையில், ஒரே மின்பலகையில் செருகினால்? பழுதுகள் தனித்தனியே வரும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். அவை கூட்டமாக வந்த நாட்களை டெல்டா அறியும். 2018 ஆகஸ்டு 22 இரவு, வெள்ளக் காலத்தில், முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடுத்தடுத்து இடிந்து விழுந்தன. தனித்தனி மதகுகள்தாம், ஆனால் நின்ற அடித்தளம் ஒன்று, அவற்றை மோதிய ஆறும் ஒன்று. அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிக் கிராமங்கள் பலவற்றில் விளக்கெரிய வாரக்கணக்கில் ஆயிற்று. அந்நாட்களில் ஒரே அறையில் மூன்று சர்வர் வைத்திருந்தவரும் ஒன்று வைத்திருந்தவரும் ஒரே இருட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பொறியைச் சென்னையிலோ கோவையிலோ வைத்தால் தீராதா என்று கேட்பீர்கள். எட்சிடியின் உறுப்பினர்கள் நொடிக்குப் பல முறை ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்பவர்கள்; பதில் வரத் தாமதமானால் தலைவர் போய்விட்டார் என்றெண்ணிப் புதுத் தேர்தலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அடிக்கடி அறுந்து தொடரும் ஓர் இணைப்பில் தேர்தல்தான் நடக்கும், வேலை நடக்காது. ஆகவே உறுப்பினர்கள் அருகருகே இருக்க வேண்டும். வெளியூருக்குப் போக வேண்டியது பிரதி.

எஸ்க்யூலைட்டில் ஓடும் ஒற்றைச் சர்வர் கே3எஸ்ஸில் இது எளிது. சேவையைச் சற்று நிறுத்திவிட்டு, அதன் தரவுத்தள அடைவை நகல் எடுக்க வேண்டும். கூடவே 'டோக்கன்' என்ற சிறு கோப்பையும் எடுக்க வேண்டும். அது இல்லாமல் நகலை மீட்க முயன்றால் பூட்டு இருக்கும், சாவி இருக்காது. வழிகாட்டிகள் பல இந்த டோக்கனை மறந்துவிடுகின்றன. நெற்றுகளின் 'நிரந்தர' அடைவுகள் வேறிடத்தில் இருப்பதால் அவற்றைத் தனியே சேர்த்துக் கொள்ள வேண்டும். மூன்றையும் கட்டி, டெல்டாவுக்கு வெளியே ஓர் ஊரிலுள்ள பொறிக்கு இரவுதோறும் அனுப்பும்படி லினக்ஸின் கிரானிடம் சொல்லிவிடலாம். சிறிய அமைப்பானால் சாதாரணக் கைப்பேசி இணைப்பே போதும். பிறகு மாதம் ஒருமுறை, எதுவும் ஏறாத வேறொரு கணிப்பொறியில் அந்த நகலை இறக்கி, கே3எஸ் எழுந்து நெற்றுகள் பழையபடி தோன்றுகின்றனவா என்று பாருங்கள். முதல் முறை அநேகமாகத் தோன்றாது. ஏதோ ஒரு கோப்பின் உரிமையோ வலை முகவரியோ ஒத்துப் போகாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்.